கருப்பை வழியே வந்த தலைவலி மருந்து

1656ஆம் ஆண்டில் ஆன் கான்வே என்ற இங்கிலாந்துப் பெண், தன் மண்டையோட்டைத் திறந்து வைத்தியம் செய்துகொள்வதற்காகக் கடல் தாண்டி பிரான்சுக்குப் போனார். அப்போது அவருக்கு 24 வயது. 12 வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கிய தலைவலி அவரை விடவேயில்லை. வந்தால் நாட்கணக்கில் படுக்கைதான்.

அவருக்கு வைத்தியம் பார்த்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். ரத்த ஓட்டத்தை உலகுக்கு விளக்கிய வில்லியம் ஹார்வி ஒருவர். மூளையின் அமைப்பை ஆராய்ந்த தாமஸ் வில்லிஸ் இன்னொருவர். பாதரசம் கொடுத்துப் பார்த்தார்கள். பிரான்சில் மண்டையைத் திறக்க யாரும் துணியவில்லை. கழுத்து ரத்தக்குழாயைக் கீறி அனுப்பிவைத்தார்கள். 1666இல், தொட்டே நோய் தீர்ப்பவர் என்று பெயர் வாங்கியிருந்த வாலண்டைன் கிரேட்ரேக்ஸை அயர்லாந்திலிருந்து வரவழைத்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. 1679இல் தலைவலியோடுதான் ஆன் கான்வே இறந்தார்.

வில்லிஸ் 1672இல் எழுதிய நூலில் தீராத தலைவலி கொண்ட ஓர் உயர்குடிப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். அது ஆன் கான்வேதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஆனால் அங்கே பெயர் இல்லை. பல்கலைக்கழக வாசலை மிதிக்க அனுமதியில்லாத காலத்தில், கடிதம் மூலம் பாடம் கேட்டுத் தத்துவம் பயின்றவர் ஆன். அவர் எழுதிவைத்த தத்துவ நூல் அவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1690இல் லத்தீனில் வெளிவந்தது. அதிலும் அவர் பெயர் இல்லை. நோயாளியாகவும் பெயரற்றவர், நூலாசிரியராகவும் பெயரற்றவர்.

இந்தக் கட்டுரை ஒற்றைத் தலைவலிக்கான மருந்துகளின் வரலாற்றைப் பற்றியது. ஆன் கான்வேயிலிருந்து தொடங்குவதற்குக் காரணம், அவருடைய மருத்துவர்கள் தோற்றார்கள் என்பதல்ல. அன்றைக்கு யார் வந்திருந்தாலும் தோற்றிருப்பார்கள். ஒரு பெண்ணின் தலைவலிக்கு என்ன மருந்து என்று முடிவு செய்யும் அறையில் அந்தப் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்ற கேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது.

எண்ணிக்கை சொல்வது

ஒற்றைத் தலைவலி என்பது கடுமையான தலைவலி மட்டும் அல்ல. குமட்டல், வாந்தி, வெளிச்சம் பட்டால் கண் கூசுதல், சிறு சத்தமும் இடியாகக் கேட்டல் எல்லாம் சேர்ந்த நரம்பியல் நோய் அது. சிலருக்கு வலிக்கு முன்பே கண்முன் வளைவு வளைவாக ஒளிக்கோடுகள் ஓடும்; கை மரத்துப்போகும்; சொல் குழறும். உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். கர்நாடகத்தில் வீடு வீடாகச் சென்று நடத்திய ஆய்வொன்றில், ஓர் ஆண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்தவர்கள் நான்கில் ஒருவர் என்று தெரியவந்தது. அங்கேயும் பெண்களே அதிகம். உலக நோய்ச்சுமைக் கணக்கில், 15 முதல் 49 வயதுப் பெண்களை அன்றாட வாழ்விலிருந்து முடக்கிப்போடும் காரணங்களில் இதற்கு முதலிடம்.

இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் பெண்களைப் பிடிக்கும் நோய்க்கு எந்த மருந்து என்ற கேள்வி, வெறும் மருத்துவக் கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் இந்த மருந்துகளின் வரலாற்றைப் படிக்கும்போது ஒவ்வொரு மருந்துக்குப் பின்னாலும் இன்னொரு கேள்வி நிற்பது தெரிகிறது. பெண்ணின் உடல் எதற்காக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இந்த மருந்தைக் கண்டுபிடித்தார்கள், கொடுத்தார்கள், மறுத்தார்கள்?

மருத்துவச்சியின் பொடி

கம்பு பயிரிட்ட குடும்பங்களுக்குத் தேனொழுகல் நோய் தெரியும். பூக்கும் பருவத்தில் கதிரிலிருந்து தேன்போலப் பிசின் வடியும். பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கருத்த கட்டியொன்று நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கதிரை அரைத்துத் தின்றால் வாந்தியும் மயக்கமும் வரும் என்பதால் உப்புநீரில் போட்டு மிதப்பதை அள்ளி எறிவார்கள். அதே பூஞ்சைக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தில் வரும். அதற்கு எர்காட் என்று பெயர். அதன் நஞ்சு இன்னும் கொடியது. எர்காட் கலந்த மாவில் ரொட்டி சுட்டுத் தின்ற ஊர்களில் கை கால் விரல்கள் கருகி உதிர்ந்தன. உடலெங்கும் தீப்பிடித்ததுபோல் எரிந்தது. ரத்தக்குழாய்களை அது அவ்வளவு இறுக்கிவிடும்.

ஊரையே கொல்லும் அந்தக் கருப்பு மணியைக் கணக்காகக் கொடுத்தால் கருப்பை சுருங்கும் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் பேறு பார்த்த பெண்கள். 1582இல் ஜெர்மனியில் ஆடம் லோனிட்சர் வெளியிட்ட மூலிகை நூலில் இது பெண்களின் வழக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. எத்தனை மணி கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அளவு தெரிந்திருக்கிறது என்றால், அதற்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம் இருந்திருக்கிறது என்று பொருள்.

1808இல் நியூயார்க் மாநில மருத்துவர் ஜான் ஸ்டேர்ன்ஸ் இதைப் பற்றி எழுதிய கடிதம் ஒரு மருத்துவ இதழில் வந்தது. நாட்டுப்புறத்தில் பேறு பார்த்த பெண்களிடமிருந்து வந்த அறிவு அது. கடிதத்தில் மருத்துவரின் பெயர் நின்றது. அந்தப் பெண்களின் பெயர் நிற்கவில்லை. ஸ்டேர்ன்ஸை அதில் கவர்ந்த அம்சம் நேரம்: பிரசவத்துக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மற்ற மருத்துவர்களும் அவசர அவசரமாக எர்காட்டைக் கொடுக்கத் தொடங்கினார்கள். விளைவு, கருப்பை விடாமல் இறுகிக் குழந்தைகள் இறந்து பிறந்தன. 1820களில் டேவிட் ஹோசக் என்ற மருத்துவர், பேற்றுப்பொடி என்று அழைக்கப்படும் இதைச் சாவுப்பொடி என்றே அழைக்கலாம் என்று எச்சரித்தார். குழந்தை பிறந்த பின் ரத்தப்போக்கை நிறுத்த மட்டும் பயன்படுத்துவது என்று வழக்கம் மெல்ல மாறியது. இன்றும் அந்த வேலைக்கு எர்காட் வழிவந்த ஊசி பிரசவ அறைகளில் இருக்கிறது.

கருப்பையிலிருந்து தலைக்கு இந்த மருந்து எப்படி ஏறியது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தலையில் ரத்தக்குழாய்கள் விரிவதால்தான் ஒற்றைத் தலைவலி வருகிறது என்ற கருத்து பரவியது. விரிந்த குழாயைச் சுருக்க எர்காட் இருக்கிறதே என்று சிலர் முயன்றார்கள். ஆனால் கச்சாப் பொடியின் வீரியம் ஒருபோதும் ஒன்றுபோல் இருக்காது. 1918இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சான்டோஸ் நிறுவனத்தின் வேதியியலாளர் ஆர்தர் ஸ்டோல் எர்காட்டிலிருந்து எர்கோட்டமின் என்ற பொருளைத் தூயதாகப் பிரித்தெடுத்தார். அது சந்தைக்கு வந்தது பேறுகால மருந்தாகத்தான். 1920களின் நடுவில் சூரிச்சில் ஹான்ஸ் மையர் என்ற மருத்துவர் அதை ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் கொடுத்து, பலன் கிடைப்பதாக எழுதினார்.

ஒற்றைத் தலைவலிக்கு என்று உருப்படியாக வேலை செய்த முதல் மருந்து இப்படித்தான் வந்தது. மருத்துவச்சிகளின் அறிவு அதன் வேரில் இருந்தது. பிரசவ அறையில் செத்த குழந்தைகளின் கணக்கும் அந்த வேரில் இருந்தது.

மானியும் மனமும்

1938இல் நியூயார்க்கில் ஜான் கிரஹாம், ஹெரால்ட் வுல்ஃப் என்ற இருவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். வலியில் இருப்பவரின் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் துடிப்பைக் கருவி வைத்துப் பதிவு செய்தபடியே எர்கோட்டமின் ஊசி போட்டார்கள். துடிப்பின் வீச்சு குறையக் குறைய வலியும் குறைந்தது. தாளில் கோடாக வரைந்து காட்ட முடிந்தது. தலைவலி என்பது கற்பனை அல்ல, உடலில் நிகழ்வது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் அதே ஹெரால்ட் வுல்ஃப் அதற்கு முந்தைய ஆண்டு, 1937இல், ஒற்றைத் தலைவலிக்காரர்களின் குணநலன் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். லட்சிய வெறி, ஒழுங்கு, எல்லாவற்றையும் பிழையின்றிச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் ஆகியவை இந்த நோயாளிகளின் இயல்பு என்றார். வுல்ஃபுக்கே ஒற்றைத் தலைவலி உண்டு என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் பாணியில் தன்னையே வரைந்துகொண்டார் என்றும் சொல்லலாம். பெண்களைப் பற்றி வரும்போது மட்டும் பேச்சு படுக்கையறைக்குப் போய்விடுகிறது: தாம்பத்தியத்தில் நிறைவில்லாதவர்கள், பெண்ணுக்குரிய இடத்தை மனமார ஏற்காதவர்கள். இந்த எழுத்துகளை அலசிய சமூகவியலாளர் ஜோன்னா கெம்ப்னர், 2014இல் வெளிவந்த தன் நூலில் ஒன்றைக் காட்டுகிறார். ஆணின் தலைவலி அவனுடைய சாதனைக்குக் கிடைத்த தழும்பாகவும், பெண்ணின் தலைவலி அவளுடைய குறைபாடாகவும் எழுதப்பட்டன.

இது வெறும் ஏட்டுச் சங்கதி அல்ல. பெண்ணின் தலைவலி அவள் குணத்திலிருந்து வருகிறது என்று நினைக்கும் மருத்துவர், அவளுக்கு என்ன எழுதிக் கொடுப்பார்? நரம்பைத் தணிக்கும் மருந்து, தூக்க மருந்து, ஓய்வெடுங்கள் என்ற அறிவுரை. எர்கோட்டமின் கையில் இருந்த காலத்திலேயே, வலி நிவாரணத்துக்குப் பதிலாக மனத்தணிப்பைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பிய பெண்களைக் கணக்கெடுக்க எந்தப் பதிவேடும் இல்லை. நம் வீடுகளிலும் இதற்குப் பழகிய சொற்கள் உண்டு. வேலை செய்யச் சோம்பல், மாமியார் வந்தால் வரும் தலைவலி, எல்லாம் டென்ஷன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டே, இன்னொருத்தியின் தலைவலியை நம்ப மறுப்பவர்கள் நாம்.

குணம் அல்ல, ஹார்மோன்

மாதவிடாய்க்கு முன்போ தொடக்கத்திலோ தலைவலி வருவதைப் பெண்கள் எப்போதும் சொல்லி வந்திருக்கிறார்கள். அதை அளந்து பார்க்க 1972 வரை ஆனது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிரையன் சோமர்வில், மாதவிடாயோடு ஒற்றைத் தலைவலி வரும் பெண்கள் சிலருக்கு மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். மாதவிடாய் உரிய நாளில் வந்தது, தலைவலி தள்ளிப்போனது. புரோஜெஸ்டிரான் கொடுத்தபோது இதற்கு நேர்மாறு. மாதவிடாய் தள்ளிப்போனது, தலைவலி உரிய நாளில் வந்தது. ஆக, வலியைத் தூண்டுவது மாதவிடாய் ரத்தம் அல்ல, அதற்கு முன் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அளவு சரிவதே.

பருவமடைந்த பிறகு பெண்களிடம் இந்த நோய் ஏன் கூடுகிறது, கர்ப்பகாலத்தில் பலருக்கு ஏன் தணிகிறது, மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி ஏன் மீண்டும் சீறுகிறது என்பவற்றுக்கு இந்தச் சரிவு பெருமளவு விளக்கம் தந்தது. மருந்துத் தேர்வுக்கும் இது நேரடியாக வந்து சேர்கிறது. கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றும் வகை ஒற்றைத் தலைவலி உள்ள பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. அவர்களுக்கு அந்த மாத்திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். கருத்தடை மாத்திரை வாங்கும்போது தலைவலியைப் பற்றியும், தலைவலிக்குப் போகும்போது கருத்தடையைப் பற்றியும் பேச வேண்டும் என்பது இதன் எளிய பொருள். நம்மில் எத்தனை பேரிடம் யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

இரவல் மருந்துகள்

ஒற்றைத் தலைவலிக்கு இரண்டு வகை மருந்து உண்டு. வலி வந்ததும் எடுப்பது ஒன்று. அடிக்கடி வருபவர்கள், வலி வந்தாலும் வராவிட்டாலும் தினமும் எடுத்து, வரும் நாட்களைக் குறைப்பது இன்னொன்று. இந்த இரண்டாம் வகையின் வரலாறு ஏறக்குறைய முழுக்க முழுக்க இரவல் வரலாறு.

1959இல் இத்தாலியின் ஃபெடரிகோ சிக்கூட்டெரி மெத்திசெர்ஜைடு என்ற மருந்தைத் தடுப்பு மருந்தாக அறிமுகப்படுத்தினார். அதுவும் எர்காட் வழிவந்ததுதான். சில ஆண்டுகளில், அதைத் தொடர்ந்து எடுத்தவர்கள் சிலருக்கு வயிற்றின் பின்பகுதியில் நார்த்திசு வளர்ந்து சிறுநீர்க்குழாயை அடைப்பது தெரியவந்தது. 1966இல், நெஞ்சுவலிக்காக புரொப்ரனலால் எடுத்த ஒருவருக்குத் தலைவலி குறைந்ததைத் தற்செயலாகக் கவனித்தார்கள். இதயநோய் மருந்து தலைவலி மருந்தானது. இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மட்டும் ஆகாது. மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் வந்தது. தூக்கமும் எடை கூடுதலும் அதோடு வந்தன. ஃப்ளூனாரிசின் நம் நாட்டில் தாராளமாக எழுதப்படுகிறது. அதுவும் எடையைக் கூட்டும், சிலரைச் சோர்வில் தள்ளும். பிறகு வலிப்பு நோய் மருந்துகளான வால்ப்ரோயேட்டும் டோபிரமேட்டும் வந்தன.

இரவல் மருந்து என்பதால் அது மட்டம் என்று பொருள் இல்லை. இவை லட்சக்கணக்கானவர்களுக்கு வாழ்க்கையைத் திருப்பித் தந்திருக்கின்றன. ஆனால் கோடிக்கணக்கான பெண்களின் நோய்க்கு என்றே ஒரு தடுப்பு மருந்தை உருவாக்க யாருக்கும் நெடுங்காலம் தோன்றவில்லை என்பதும் உண்மை. உயிரைக் கொல்லாத நோய், பெண்களின் நோய், புலம்பலோடு சேர்த்துக் கேட்கப்பட்ட நோய்.

வால்ப்ரோயேட் கற்றுத்தந்த பாடம்

வால்ப்ரோயேட்டின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். 1967இல் பிரான்சில் வலிப்பு நோய்க்காக விற்பனைக்கு வந்த மருந்து இது. அமெரிக்காவில் 1996இல் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் அனுமதி கிடைத்தது. இதைக் கர்ப்பகாலத்தில் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் 10 பேரில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு. 10 பேரில் 3 முதல் 4 பேருக்குப் பேச்சு, கற்றல், மூளை வளர்ச்சியில் பாதிப்பு. ஆபத்து இருக்கிறது என்பது 1980களிலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. மாத்திரையை விழுங்கிய பெண்களில் பலருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

அந்த மௌனத்தை உடைத்தவர்கள் தாய்மார்கள். பிரான்சில் மரீன் மார்ட்டின் என்ற தாய் 2011இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் திரட்டி ஒரு சங்கம் தொடங்கினார். பிரிட்டனிலும் தாய்மார்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். 2018இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு விதிகளை இறுக்கியது: ஒற்றைத் தலைவலிக்காகக் கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கு உறுதியான கருத்தடை ஏற்பாடு இல்லாமல் கொடுக்கக் கூடாது. 2020இல் பிரிட்டனில் பாரோனஸ் கம்பர்லெஜ் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, பெண்கள் சொன்னதை மருத்துவ அமைப்பு காதில் வாங்கவில்லை என்பதை வெளிப்படையாகவே பதிவு செய்தது. டோபிரமேட்டுக்கும் 2023இல் ஐரோப்பாவில் இதே போன்ற கட்டுப்பாடு வந்தது.

இது வெற்றிதான். ஆனாலும் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நாம் பேசியாக வேண்டும். முதலில், கருவைப் பற்றிய உண்மையைச் சொல்லாமல் பெண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு, வரப்போகும் கருவை மட்டுமே பார்த்து மருந்தை மறுக்கும் போக்கும் வந்துவிடக் கூடும். குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்த பெண், பெண்ணை நேசிக்கும் பெண், கருப்பை அகற்றப்பட்ட பெண், இவர்கள் எல்லோரும் "என்றாவது தாயாகப் போகிறவள்" என்ற ஒரே பெட்டிக்குள் அடைக்கப்படுவார்கள். இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. தாலிடமைடு கொடுமைக்குப் பின், 1977இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. தனியாக வாழும் பெண், கருத்தடை எடுக்கும் பெண் என்ற வேறுபாடெல்லாம் பார்க்கவில்லை. அந்த விதி 1993 வரை நீடித்தது. பாதுகாப்பின் பெயரால், பெண்ணுடலைப் பற்றிய அறிவே குறைந்துபோனது.

நம் ஊரில் இந்தச் சிக்கல் இன்னொரு வடிவம் எடுக்கிறது. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவில்லை என்றால் கருத்தடை பற்றிய பேச்சே எழாது. கர்ப்பம் என்ற வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளப்படும். ஆகிவிட்டது என்றால் கேள்விக்கான பதிலைக் கணவனோ மாமியாரோ சொல்வார்கள். இரண்டு நிலையிலும் அந்தப் பெண்ணுக்கு ஆபத்தும் தெரியாது, மாற்றும் தெரியாது.

தலைவலிக்கென்றே பிறந்தவை

பிரிட்டனில் கிளாக்ஸோ நிறுவனத்தில் பேட்ரிக் ஹம்ஃப்ரி குழுவினர் உருவாக்கிய சுமாட்ரிப்டான் 1991இல் நெதர்லாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஒற்றைத் தலைவலியைக் குறிவைத்தே வடிவமைக்கப்பட்ட மருந்து அது. இதயநோய் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. மற்றவர்களில் பலருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வலி தணிந்தது. தணிந்ததோடு இன்னொன்றையும் செய்தது. குறிப்பிட்ட ஏற்பியில் போய் உட்காரும் ஒரு மாத்திரையால் வலி போகிறது என்றால், அது குணக்கேடு அல்ல என்பதை மருத்துவருக்குச் சொன்னது. எத்தனையோ பெண்களின் வாக்குமூலம் செய்யாததை ஒரு மாத்திரை செய்தது என்பதில் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை.

வலியின்போது சிஜிஆர்பி என்ற புரதத்துணுக்கு நரம்பு முனைகளிலிருந்து வெளிப்படுவதை பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1990இல் காட்டினார்கள். அதைத் தடுக்கும் எரெனுமாப் என்ற மாதாந்திர ஊசிக்கு 2018 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவென்றே, நோயின் பொறிமுறையிலிருந்து உருவாக்கப்பட்ட மருந்துகளின் வரிசை அதோடு தொடங்கியது. ஆன் கான்வே பிரான்சுக்குக் கப்பலேறி 362 ஆண்டுகள் கழித்து. அறிமுகமானபோது அதன் விலை ஆண்டுக்கு 6,900 டாலர். தேர்வு என்ற சொல்லுக்கு வர்க்கம் உண்டு என்பதை விலைச்சீட்டு சொல்லிவிடுகிறது.

அடுக்களை அலமாரியில்

நம் பெண்களில் பெரும்பாலோரின் மருந்துத் தேர்வு நடப்பது மருத்துவமனையில் அல்ல, தெருமுனை மருந்துக்கடையில். "தலைவலிக்கு ஒண்ணு குடுங்க." எர்கோட்டமின், காபித்தூளில் உள்ள கஃபீன், பாராசிட்டமால், வாந்தி மருந்து எல்லாம் ஒன்றாகக் கலந்த மாத்திரைகள் நம் நாட்டில் இன்றும் புழக்கத்தில் உள்ளன. மருத்துவச்சியின் கருப்பு மணி, வெள்ளிப் பட்டையில் பொதிந்து நம் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. கருப்பையைச் சுருக்கும் குணம் அதற்கு இன்னும் போகவில்லை. கர்ப்பமாக இருக்கும்போது அதை எடுக்கக் கூடாது. இந்த ஒரு வரி அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

இன்னொரு வரியும் தெரிய வேண்டும். எர்கோட்டமினை அடிக்கடி எடுத்தால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும் என்பது 1950களின் தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்டது. பிற வலி மருந்துகளுக்கும் இது பொருந்தும். எர்கோட்டமின், டிரிப்டான், கூட்டு மாத்திரைகளை மாதத்தில் 10 நாட்களுக்கும், பாராசிட்டமால் போன்றவற்றை 15 நாட்களுக்கும் குறையாமல், 3 மாதங்களுக்கு மேல் எடுத்துவந்தால், மருந்தாலேயே வரும் தலைவலி என்று அதை மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். இந்த நிலையில் வரும் பெண்ணை "மாத்திரையா முழுங்கி வெச்சிருக்கே" என்று திட்டுவது எளிது. விடுப்பு கிடைக்காத வேலை, காலை ஐந்து மணி அடுப்பு, படுத்தால் கேள்வி கேட்கும் வீடு. இவற்றுக்கு நடுவே நின்றபடியே எடுக்கக்கூடிய ஒரே மருந்து அந்த மாத்திரைதான். தடுப்பு மருந்து என்று ஒன்று இருப்பதையே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மாதத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வலி முடக்கினால் அதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம் என்றும் சொல்லவில்லை. அறிவைத் தராமல் வைத்துக்கொண்டு, அறியாமைக்காகத் திட்டுவது பழைய பழக்கம்.

தேர்வு என்பது மருந்துப் பட்டியலில் ஒன்றைச் சுட்டுவது மட்டுமல்ல. எது எவ்வளவு நாட்களில் பலன் தரும், எது எடையைக் கூட்டும், எது கருவைப் பாதிக்கும், எது என் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது, பலன் இல்லையென்றால் அடுத்து என்ன என்று கேட்கும் இடம் அது. அந்தக் கேள்விகளுக்கு ஒரு காலண்டர் போதும். வலி வந்த நாள், மாதவிடாய் நாள், மாத்திரை எடுத்த நாள் மூன்றையும் குறித்து மூன்று மாதத் தாளை மேசையில் வைக்கும் பெண்ணிடம், குணத்தைப் பற்றிப் பேசுவது கடினம்.

ஆன் கான்வே தன் நூலில் ஒரு கேள்வி கேட்டார். உடலும் ஆன்மாவும் வேறு வேறு பொருள் என்கிறீர்களே, அப்படியென்றால் உடல் நோகும்போது ஆன்மா ஏன் இப்படித் துடிக்கிறது? இரண்டும் ஒரே பொருளின் இரு நிலைகள் என்பது அவர் கண்ட முடிவு. அவர் காலத்துத் தத்துவவாதிகளுக்கு எதிராக வைத்த வாதம் அது. உன் வலி உடம்பிலா மனசிலா என்று பெண்களிடம் பின்னால் 300 ஆண்டுகள் கேட்கப்படப்போகிற கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. படுக்கையில் கிடந்த நோயாளி ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தார். அவரைச் சுற்றி நின்றவர்கள் மருந்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள்.